20 டிகிரியா, 22 டிகிரியா?

மெடிக்கல் பிசிக்ஸ் முதுகலைக்காக வட அமெரிக்கா வந்து அப்போது மூன்றாவது மாதம். கடைசி நோயாளி கிளம்பிய பிறகுதான் லினாக் (புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம்) இருக்கும் அறை மாணவர்களுக்குக் கிடைக்கும். அன்று அதன் 6 எம்வி எக்ஸ்-கதிர்க் கற்றையின் அவுட்புட்டை, அதாவது அது எவ்வளவு கதிர்வீச்சு கொடுக்கிறது என்பதை, அளக்க வேண்டும். தொட்டியில் நிரப்பிய தண்ணீர் அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருந்தோம். அப்புறம் 10 செ.மீ. ஆழத்தில் கதிர்வீச்சை அளக்கும் ஃபார்மர் சேம்பரை இறக்கி, 10-க்கு 10 செ.மீ. கதிர்ப் புலம் வைத்து, 100 மானிட்டர் யூனிட் (இயந்திரம் தான் கொடுக்கும் கதிர்வீச்சை எண்ணும் அலகு) கொடுத்தோம். மூன்று முறையும் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தது. மனதுக்கு நிறைவாக இருந்தது.

ஆனால் கணக்கை முடித்தபோது, என் விடை கூடப் படிக்கும் பெண்ணின் விடையைவிட 0.7 சதவீதம் அதிகம்.

அரை மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்தவன், என் உச்சரிப்பும் பாதிப் பேருக்குப் புரியாது, இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். கடைசியில் கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த மூத்த இயற்பியலாளர் என் நோட்டை வாங்கிப் பார்த்து ஒரு வரியில் விரலை வைத்தார். "இந்த 20 எங்கிருந்து வந்தது?"

அந்த சேம்பருக்குள் இருப்பது வெளிக்காற்றுதான். வெப்பநிலையும் அழுத்தமும் மாறினால் உள்ளே இருக்கும் காற்றின் அடர்த்தியும் மாறும், அதற்கு ஒரு திருத்தம் போட வேண்டும். நான் இளங்கலையில் படித்தது சர்வதேச அணுசக்தி முகமை 2000-இல் வெளியிட்ட டிஆர்எஸ் 398 நெறிமுறை. அதில் ஆதார வெப்பநிலை 20 டிகிரி. இங்கே பின்பற்றுவது 1999-இல் வந்த டிஜி 51 என்ற அமெரிக்க நெறிமுறை, அதில் 22 டிகிரி. கெல்வினில் 22 டிகிரி என்பது 295.2, 20 டிகிரி என்பது 293.2. 295.2-ஐ 293.2-ஆல் வகுத்தால் 1.0068. எங்கள் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் அதேதான்! இரண்டு நெறிமுறையிலும் பிழை இல்லை. 22 டிகிரிக்கு அளவுத்திருத்தம் செய்த சேம்பரின் எண்ணை 20 டிகிரி சூத்திரத்தில் போட்டதுதான் என் தப்பு.

0.7 தானே என்று விட முடியாது. ஆண்டுப் பரிசோதனையில் அவுட்புட்டுக்கு அனுமதிக்கும் விலகலே 1 சதவீதம்தான். அடிப்படை அளவீட்டில் நுழையும் பிழை ஒருவரோடு நிற்காது, அந்த இயந்திரத்தின் கீழ் படுக்கும் எல்லோருக்கும் போகும். அரை மணி நேரம் பேசாமல் இருந்ததை நினைத்தால் இப்போதும் உறுத்துகிறது. வேறு நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் இந்த மாதிரி எண்களைத் தெரியாமலே கூடக் கொண்டு வருகிறோம். தயங்காமல் கேளுங்கள்.

சேர்வதற்கு முன் இன்னொன்றும் பாருங்கள். அமெரிக்காவில் மருத்துவமனை வேலைக்குப் பட்டம் மட்டும் போதாது, ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும், பெரும்பாலும் இரண்டு வருடம். படிப்புக்கு கேம்பெப் (மெடிக்கல் பிசிக்ஸ் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் மறுபடி அதே அறை, அதே தொட்டி. சேம்பரை எடுக்கும் முன் அந்த இயற்பியலாளர் அளவுத்திருத்தச் சான்றிதழை என் கையில் கொடுத்து, "நீயே வாசி" என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன், முதலில் வெப்பநிலை, பிறகு அழுத்தம்.