கக்காச்சியில் சோலைமந்தி பார்த்தது

திருநெல்வேலிப் பக்கத்து மலைக்காடான களக்காடு முண்டந்துறை பக்கம் போய்விட்டு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது "புலி பாத்தியா?" என்றுதான். நான் புலி பார்த்ததில்லை. ஆனால் சிங்கவால் குரங்கு என்று சொல்கிற சோலைமந்திக் கூட்டம் ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், என்னைக் கேட்டால் இந்தக் காட்டுக்கு அதைவிடப் பெரிய பாக்கியம் கிடையாது.

சில வருஷத்துக்கு முன்னால், வைகாசி மாதம். வனத்துறை அனுமதி வாங்கி, மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மலை ஏறினோம். எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்த அண்ணாச்சி ஒருவர் கூட வந்தார். மாஞ்சோலை கழிந்து கக்காச்சியை நெருங்கும்போது வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். நாங்கள் மரத்தைப் பார்க்கிறோம், அவர் ரோட்டைப் பார்க்கிறார். பச்சைத் தோடு ஒன்று கிடந்தது, மேலெல்லாம் முள், ஒரு ஓரத்தில் பல் பதிந்த தடம், பிய்த்த இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை.

"வெடிப்பலா. மேலதான் இருக்கு, சத்தம் போடாதீய."

வெடிப்பலா என்றது அந்த முள்தோடுக் காயை, மேலே இருக்கு என்றது சோலைமந்தியை. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் இன்னொரு தோடு விழுந்தது, அது வந்த வழியே கண்ணை ஏற்றினால் கொம்போடு கொம்பாக ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறது. கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். மடியில் குட்டி, அதற்கு இன்னும் பிடரி வரவில்லை, முகம் வெளிறி இருந்தது. தாய் காயைக் காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லால் கிழித்து, உள்ளே இருந்த கொட்டையை மட்டும் எடுத்துத் தின்றது. அவ்வளவு முள்ளிலும் கை தடுமாறவே இல்லை.

நிறையப் பேர் இதே காட்டில் இருக்கிற இன்னொரு கறுப்புக் குரங்கான கருமந்தியைப் பார்த்துவிட்டு இதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். கருமந்திக்கு வால் நீளம், குஞ்சம் கிடையாது, வெள்ளிப் பிடரியும் இல்லை. இன்னொன்று, முண்டந்துறை 1962லேயே புலிக்காகச் சரணாலயம் ஆனது, ஆனால் 1976ல் களக்காட்டைச் சரணாலயம் ஆக்கியதே இந்தச் சோலைமந்திக்காகத்தான். 1988ல் இரண்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கிய பிறகு புலி பெயர்தான் எல்லார் வாயிலும் நிற்கிறது.

கூட்டம் ரோட்டைக் கடந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தரையில் ஒன்றுகூட இறங்கவில்லை. இரண்டு பக்கத்து மரக்கொம்பும் மேலே முட்டுகிற ஒரே இடத்துக்கு வரிசையாக வந்து, அங்கிருந்துதான் தாவின. அந்த ஒரு கொம்பை வெட்டினால் இவை ரோட்டில் இறங்கித்தான் போக வேண்டும், வண்டி வருகிற ரோட்டில். அதனால் தயவுசெய்து யாரும் பிஸ்கட், பழம் என்று எதையும் காட்டி இவற்றைக் கீழே இறக்கிவிடாதீர்கள்.

களக்காட்டு மலையில் இருக்கிற செங்கல்தேரிப் பக்கம் சோலைமந்தியைப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். எந்த மாதம், என்ன மரத்தில் தின்றுகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.