ஆரஞ்சு நிறத்துக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்?

வணக்கம். கிருஷ்ணகிரி அருகே ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். “ஆரஞ்சு முதலில் பழமா, நிறமா?” என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி! பழம்தான் முதலில். நம் நாரத்தைக்கு உறவான வடமொழி ‘நாரங்க’, பாரசீகம், அரபி வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. பிரெஞ்சில் முதல் ‘ந’ உதிர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் அது நிறப்பெயரானது 16ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்பு, நம் செம்மஞ்சளைப் போலவே, ‘மஞ்சள்சிவப்பு’ என்றுதான் சொன்னார்கள்.

என் பாட்டி அதைக் ‘கனகாம்பர நிறம்’ என்பார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்படிச் சொன்னார்கள்? ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் அவசியம் சொல்லுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதினால், வகுப்பில் அட்டையில் எழுதி மாட்டுவேன்.