புதுப்பிப்பு: அம்மாவின் விபத்து, வக்கீல் கிடைத்துவிட்டார்

போன மாதம் கேட்டிருந்தேன்: மேட்டுப்பாளையத்தில் அம்மா மீது வேன் மோதி வலது மணிக்கட்டு முறிந்தது, வீடு கோத்தகிரி, வழக்கை எங்கே போடுவது, வக்கீலுக்கு எங்கே போவது? பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

ஊட்டியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டமே அப்படி. மனுவில் கையெழுத்துப் போட வேண்டிய கையோ மாவுக்கட்டில். இடது பெருவிரலில் மை தடவி உருட்டினார்கள். "பத்தாவது படிச்சவ கைநாட்டு வெக்கிறேன் பாரு" என்று அம்மா வழியெல்லாம் புலம்பல்.

விபத்து நடந்த மேட்டுப்பாளையம் கோவை மாவட்டம் என்றாலும், வழக்குக்காகக் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவுப்படி, நாம் குடியிருக்கும் எல்லைக்குள் உள்ள தீர்ப்பாயத்திலேயே இழப்பீடு கேட்கலாம். ஆனால் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்றார் வக்கீல். இது மத்தியச் சட்டம். மாநிலச் சட்டம் என்று நினைத்து நான் தேடியதில் ஒரு வாரம் வீண்.

அப்புறம், ஆஸ்பத்திரி வாசலில் 'வருவதில் 30 சதவீதம்' பேசினார் ஒருவர். இழப்பீட்டில் பங்கு என்று வக்கீல் ஃபீஸ் பேசுவதே வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதிப்படி தப்பாம். எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கொடுத்தாயிற்று. காயச் சான்றிதழ்தான் பாக்கி. திங்கட்கிழமை மறுபடி மலை இறங்க வேண்டும்.