கையைக் கட்டிக்கொண்டு நின்ற அப்பா: என் கடைசி டூவத்லான்

டூவத்லான் என்றால் என்னவென்று அப்பாவுக்கு மூன்று தடவை விளக்கியிருக்கிறேன். முதலில் 5 கிலோமீட்டர் ஓட்டம், பிறகு 20 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் இறங்கி மறுபடியும் இரண்டரை கிலோமீட்டர் ஓட்டம். மூன்று தடவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "கையில சைக்கிள் இருக்கறப்ப அந்தக் கடைசி ரெண்டரைய எதுக்கும்மா ஓடணும்? அதுலயே வந்துடலாம்ல?" இதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

நான் பினாங்கில் கடைசி ஆண்டு மாணவி. வீடு சுங்கைப் பட்டாணியில். பள்ளியில் 1500 மீட்டர் ஓடியவள். சைக்கிள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டாம் ஆண்டு விடுமுறையில் பேரங்காடியில் வேலை செய்து சேர்த்த 1,400 வெள்ளிக்கு, யாரோ ஓட்டிச் சலித்த அலுமினிய ரோட் பைக் ஒன்றை வாங்கினேன். அண்ணன் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு ஒரு பழைய மோட்டாரே கிடைச்சிருக்கும்" என்றான். எங்கள் வீட்டில் எல்லோரும் இப்படி நியாயமாகத்தான் பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து ஃபெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் போய், அணைக்கட்டு மேட்டை ஏறி, பாலிக் பூலாவ் பக்கம் இறங்கி வருவோம். டுரியான் காலத்தில் அந்த இறக்கத்தில் யாரும் ஒழுங்காக நேரம் பார்த்ததே கிடையாது. வாரநாளில் தாவரவியல் பூங்காவில் ஓட்டம். சில நாள் பக்கத்திலேயே தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை வேகநடையாக ஏறி இறங்குவேன். சாமி கும்பிட்டதும் ஆச்சு, தொடைக்கு வேலை கொடுத்ததும் ஆச்சு.

அந்தப் பருவத்தில் நான்கு போட்டிகள். நான்காவதுதான் மாணவியாக எனக்குக் கடைசி. மூன்றாவதில் பெண்கள் பிரிவில் நான்காவதாக வந்திருந்தேன், அதனால் இதில் எப்படியும் மேடையேறிவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. உடம்பு வேறு கணக்குப் போட்டது. காலையில் எழுந்ததும் நாடித் துடிப்பு எண்ணுவது என் பழக்கம். வழக்கமாக 54, 55 இருக்கும். கடைசிப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு 62க்குப் போனது, இறங்கவே இல்லை. தூங்கி எழுந்தாலும் படியேறி வந்த மாதிரி கால் கனக்கும். எங்கள் குழுவில் மூத்த அக்கா ஒருவர், "இது பயிற்சி பத்தாததால வர்றது இல்ல, அதிகமானதால வர்றது. படு, தூங்கு" என்றார். பரீட்சை விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் தானாக ஓய்வு கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளையும் எடுத்துப் போனேன். சைக்கிள் கூட வந்தால் ஓய்வு எங்கே வரும்?

அப்பா காய்கறி லோரி ஓட்டுகிறார். போட்டி நாள் விடிகாலை பினாங்குக்குச் சரக்கு இருந்தது, என்னையும் சைக்கிளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டார். முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே சைக்கிளைப் படுக்கவைத்து, லோரிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். அப்பா கட்டிய கயிறு அவிழ்ந்ததாகச் சரித்திரமே இல்லை. பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போது, 1985இல் பாலம் திறந்த சமயம் தான் பள்ளிக்கூடப் பையனாக அதைப் பார்க்க வந்த கதையைச் சொன்னார். எத்தனையாவது தடவை என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். நம்முடைய சைக்கிள் தூரம் இதைவிட ஆறரை கிலோமீட்டர் அதிகம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சாதாரண நாளில் அதில் சைக்கிளை விட மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

போட்டி காலை ஏழு மணிக்கு. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளி வைத்ததிலிருந்து நமக்குச் சூரியன் ஏழைத் தாண்டித்தான் எட்டிப் பார்க்கிறது. அதனால் அரையிருட்டில்தான் ஓட ஆரம்பித்தோம். நல்லதுதான். வெயிலைக்கூடத் தாங்கலாம், இந்தத் தீவின் புழுக்கத்தைத் தாங்க முடியாது. வியர்வை வடிந்துகொண்டே இருக்கும், காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்.

முதல் ஓட்டத்திலேயே தப்பு செய்தேன். முன்னால் போன மூன்று பேரை விடக்கூடாது என்று ஒட்டிக்கொண்டே போய், 5 கிலோமீட்டரை 21 நிமிடம் 50 வினாடியில் முடித்தேன். சைக்கிள், இரண்டாவது ஓட்டம் எதுவும் இல்லாமல் வெறும் 5 கிலோமீட்டர் மட்டும் ஓடினாலே என் சிறந்த நேரம் 21:20தான். புரிகிறதா? பணப்பையை முதல் கடையிலேயே காலி செய்துவிட்டேன்.

ஓட்டத்தை முடித்துச் சைக்கிளுக்கு மாறும் இடமான டிரான்சிஷனுக்குள் ஓடி வந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா, கையில் நாசி லெமாக் பொட்டலம். "முடிஞ்சிருச்சாம்மா? நாலாவது! வா, பசியாறலாம்!"

சைக்கிளைத் தொடுவதற்கு முன் ஹெல்மெட்டைப் போட்டு வாரை மாட்டிவிட வேண்டும், அதுதான் விதி. வாரை மாட்டிக்கொண்டே, "இன்னும் இருக்குப்பா" என்றேன். பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பெண் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். பாஷை புரியாவிட்டாலும் பொட்டலம் எல்லோருக்கும் புரியும்.

சைக்கிள் பாதை ஐந்து கிலோமீட்டர் வட்டம், நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மேடு. முதல் சுற்றிலேயே பின்னாலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். கியர் ஒன்று மாற்றினால் ஒன்றரை மாறுகிற மாதிரி இருந்தது. கேபிள் தளர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது சுற்றில் மேட்டைப் பெரிய கியரிலேயே நின்று மிதித்து ஏறினேன். மூன்றாவது சுற்றில் தொடை கேட்கவில்லை. ஆகக் குறைந்த கியருக்குத் தட்டினேன். கிரக்கென்று ஒரு சத்தம், பெடல் அப்படியே பூட்டிக்கொண்டது. சப்பாத்தைப் பெடலிலிருந்து விடுவித்துக் காலை ஊன்ற ஒரு நொடி பிந்தியிருந்தால் தார்ச்சாலையில் முகம் பதிந்திருக்கும்.

பார்த்தால், செயின் ஆகப் பெரிய பல்சக்கரத்தையும் தாண்டி உள்ளே போய், பல்சக்கரத்துக்கும் கம்பிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. இழுக்கிறேன், வரவில்லை. விரலெல்லாம் கருப்பு. கண்ணில் தண்ணீர் வேறு. ஒருத்தி தாண்டிப் போனாள், இன்னொருத்தி தாண்டினாள்.

அந்த வளைவில் நிழலுக்காக வந்து நின்றிருந்தார் அப்பா. முப்பது வருடம் லோரியைத் தானே பிரித்துச் சேர்த்தவர். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நேரே சாலைக்கு வந்துவிட்டார். மார்ஷலாக நின்ற மலாய்ப் பையன் ஓடி வந்து, "பாக்சிக், தா போலே பெகாங்" என்றான், தொடக்கூடாது என்று. வெளியாள் உதவி செய்தால் எனக்குத் தண்டனை, போட்டியிலிருந்தே எடுத்துவிடவும் செய்யலாம் என்று மரியாதையாகத்தான் விளக்கினான். அப்பா அவனைப் பார்த்தார், செயினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சாலையோரக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஏறி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை, கோயிலில்கூட.

கையைத்தான் கட்டினார், வாயைக் கட்டவில்லை. "இழுக்காத! இழுக்க இழுக்க இறுகும். சக்கரத்த லூஸ் பண்ணு. அந்தக் கைப்பிடிய தொற. ஆங். இப்ப கீழ தள்ளு. செயின வெளிப்பக்கமா, வெளிப்பக்கமா..." மார்ஷல் இதற்கும் தடை உண்டா என்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் அவனும் குனிந்து செயினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். செயின் வெளியே வந்ததும் அவன்தான் முதலில் "யெஸ்!" என்றான்.

மூன்றரை நிமிடம் போயிருந்தது. மேட்டின் நடுவில் சைக்கிளை மறுபடி கிளப்புவது எப்படிப்பட்ட வேலை என்று மிதித்தவர்களுக்குத் தெரியும். கடைசிக் கியரைத் தொட பயந்து, மிச்சச் சுற்றை முக்கிக்கொண்டே முடித்தேன்.

இரண்டாவது ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சைக்கிளிலிருந்து இறங்கி உடனே ஓடிப் பழகுவதற்கு பிரிக் பயிற்சி என்கிறோம். அதற்குச் செங்கல் என்று பெயர் வைத்தவர் அன்று என் காலைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டரை கிலோமீட்டருக்குப் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. பத்தொன்பது பெண்களில் பதினோராவது. ஆறிப்போன நாசி லெமாக்கை லோரியின் பின்பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான சம்பலை நான் சாப்பிட்டதில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் வயிறு புரட்டிக்கொண்டிருந்தது, பாதியை அப்பாதான் சாப்பிட்டார்.

சாயங்காலம் அந்த அக்கா சைக்கிளைப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். செயினை நகர்த்தும் ஆர்டி மாட்டியிருக்கும் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்திருந்தது. "எப்படி ஏத்திட்டு வந்த?" என்றார். அப்போதுதான் உறைத்தது. அப்பா செயின் பக்கம் அடியில் இருக்கும்படி படுக்கவைத்திருந்தார். அதன்மேல் லோரிக் கயிறு, அதற்குமேல் அப்பாவின் பலம். ஏற்றும்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பாவிடம் சொல்லவில்லை. இப்போது அவர் சந்தையில் எல்லோரிடமும் அந்தச் செயின் கதையைச் சொல்கிறார். "தொடவே இல்லடா, வாயாலேயே எடுத்துக் கொடுத்தேன்" என்று.

* * *

இதைப் படித்துவிட்டு பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒருவர் எழுதியது:

தங்கச்சி, முதல் ஓட்டத்தில் காலியாவது உங்களுக்கு மட்டும் நேர்வதில்லை. நான் புத்ராஜெயா பவர்மேன் டூவத்லானில் 10 கிலோமீட்டர் ஓட்டம், 60 சைக்கிள், மறுபடி 10 ஓட்டம் என்ற நீண்ட தூரத்தில் அதே தப்பைச் செய்தேன். உங்களுக்காவது இரண்டரை கிலோமீட்டர் செங்கல், எனக்குப் பத்து. கடைசி நாலு கிலோமீட்டரை நடந்தேன். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து உலாத்திக்கொண்டிருந்த ஒரு குடும்பம் என்னைத் தாண்டிப் போனது.

பருவக் கடைசிக் களைப்பைப் பற்றி நீங்கள் சொன்னதை மாணவர்கள் யாராவது படித்தால் சரி. நான் படிக்கிற காலத்தில் நாடியெல்லாம் எண்ணியதில்லை. சனிக்கிழமை உலு லங்காட்டில் கெந்திங் பேராஸ் மேடு, ஞாயிறு நீண்ட ஓட்டம், திங்கள் வகுப்பில் தூக்கம். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி வந்து ஒரு பருவத்தையே உட்கார்ந்து கழித்தேன். ஹெல்மெட் விஷயமும் ஒன்று: வாரை மாட்டாமல் சைக்கிளை எடுத்து நாலடி நடந்தேன், நிறுத்திவிட்டார்கள். முன்னால் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நிற்பது ஒரு தனி வேதனை.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒருவர்:

நான் இந்த மாதிரிப் போட்டிகளில் மார்ஷலாக நிற்பவன். வண்டிகளை நிறுத்துவது சுலபம், பெற்றோரை நிறுத்துவதுதான் கஷ்டம். ஒரு அம்மா பாட்டிலோடு மகன் பின்னாலேயே முப்பது மீட்டர் ஓடினார். தண்ணீர் கொடுக்கிற இடம் அங்கே இருக்கிறது என்று கையைக் காட்டினால், "அது ஐஸ் தண்ணி, அவனுக்கு ஒத்துக்காது" என்கிறார். என்ன செய்வது? உங்கள் அப்பா சொன்னதும் நின்றாரே, அதுவே பெரிது. வாயால் சொன்னது பற்றி, நான் அங்கே இருந்திருந்தால் எனக்கும் காது கொஞ்சம் மந்தமாகியிருக்கும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், அப்பாவிடம் சொல்லிவிடுங்களேன். அடுத்த தடவையும் அப்படியே கட்டிவிடப் போகிறார்.

* * *

எல்லோருக்கும் நன்றி. சொல்லிவிடலாம் என்றுதான் போன வாரம் வீட்டுக்குப் போனேன். லோரியின் பின்பக்கம் ஓரமாக, பழைய மெத்தையை வெட்டித் தொட்டில் மாதிரி ஒன்றைப் பலகையில் அடித்து வைத்திருந்தார். என்னப்பா இது என்றேன். கயிறைச் சுருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"செயின் பக்கம் மேல இருக்கணுமாமே. சைக்கிள் கடைக்காரன் சொன்னான்."