அக்காவின் விவாகரத்து: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அக்காவும் அத்தானும் ஒரு வருடத்துக்கு மேல் தனித்தனியாக இருக்கிறார்கள், இப்போது பரஸ்பர சம்மதத்தில், இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்கீழ் மதுரையில் மனு போடப் போகிறார்கள். மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமாம். அந்தக் காத்திருப்பிலிருந்து நீதிமன்றம் விலக்கு அளிக்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களில் யாருக்காவது அப்படிக் கிடைத்ததா? அம்மா போட்ட நகையையும் பையனின் பள்ளிச் செலவையும் ஒப்பந்தத்தில் எப்படி எழுதினீர்கள்?

அதைவிடப் பெரிய கவலை, அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, சொந்தக்காரர்கள் வேறு போன் செய்து "கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாமே" என்கிறார்கள், அப்புறம் நாள் முழுக்க அழுகை. கூடப் பிறந்தவளாக நான் என்ன பேசலாம், எதைப் பேசக்கூடாது? சின்னப் பையனிடம் இதை எப்படிச் சொன்னீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.