புதுப்பிப்பு: விட்டுவிட்ட மீனுக்கும் சான்றிதழ் உண்டா?

பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டால் உரிமம் வேண்டுமா, சாதனைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். விசாரித்துவிட்டேன்.

உரிமம் கேட்கும் இடங்களில் பெரும்பாலும் தூண்டில் போட்டாலே அது மீன்பிடிப்புதான். வீட்டுக்குக் கொண்டுபோகிறோமா என்பது கணக்கில்லை.

சான்றிதழ் விஷயம்தான் சுவாரசியம். தூண்டில் மீன்பிடிப்பில் உலகச் சாதனைகளைப் பதிவுசெய்யும், 1939-இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன் சங்கம் (IGFA), எடைச் சாதனைக்கு மீனைக் கரையில்தான் நிறுக்கச் சொல்கிறது. ஆடும் படகில் நிறுத்தால் செல்லாது. நீளச் சாதனை வேறு: சங்கம் ஏற்கும் அளவுப் பலகையில் கிடத்தி, மீனின் வாய் பலகையின் முனைத் தடுப்பில் முட்டும்படி வைத்துப் படம் எடுத்து, உயிரோடு விட வேண்டும். செத்தால் விண்ணப்பமும் போச்சு!

அதனால் பலகையை முதலில் நனைத்துவிடுங்கள். காய்ந்திருந்தால் மீனின் மேல் வழவழப்பு உரிந்துவிடும். கேமராவையும் தயாராக வைத்துவிட்டு, அப்புறம் மீனைத் தூக்குங்கள்.