அப்பாவுக்கு இந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுக்கலாமா?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. முப்பத்தைந்து வருஷம் பீடி குடித்தவர், போன வருஷம்தான் விட்டார். சித்தப்பா இரண்டு டப்பா கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், ஒன்றில் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை, இன்னொன்றில் மீன் எண்ணெய் மாத்திரை. "நெஞ்சில படிஞ்ச புகையெல்லாம் இது வழிச்சு எடுத்துடும்ணே" என்று சொல்லியிருக்கிறார். இரண்டும் சேர்த்து மாதம் 2,800 ரூபாய். அப்பா முழுசாக நம்பிவிட்டார். காலையில் டம்ளரில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான்தான் "ரெண்டு நாள் பொறுங்கப்பா" என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேதியியல் வாத்தியார்:
தாராளமாகக் கொடுங்கள் அம்மா. 27 வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவன் என்கிற முறையில் சொல்கிறேன். பீடிப் புகை உள்ளே போகும்போது கோடிக்கணக்கில் ஃப்ரீ ரேடிக்கல்களைக் கொண்டுபோகிறது, பாடப்புத்தகத்தில் தனி உறுப்பு என்போமே, அதுதான். ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு அலைவது. அது நம் செல் சவ்வில் இருக்கிற கொழுப்பு அமிலத்தின் இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்திலுள்ள ஹைட்ரஜனைப் பிடுங்கும், பறிகொடுத்தது அடுத்ததிடம் பிடுங்கும், இப்படியே சங்கிலியாகப் போகும். கடலை எண்ணெயை மூடாமல் இரண்டு மாதம் வைத்துவிட்டால் சிக்கு வாடை அடிக்கிறதே, ஏறக்குறைய அதே வினைதான் உடம்புக்குள் நடக்கிறது. வைட்டமின் ஈ அந்தச் சவ்விலேயே உட்கார்ந்து தன் ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலியை அறுக்கும், இப்படி அறுப்பதைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறோம், வைட்டமின் சி வந்து அந்த ஈ-யைத் திரும்ப உயிர்ப்பிக்கும். இதெல்லாம் சோதனைக்குழாயில் கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம். நானே ஆறு வருஷமாகச் சாப்பிடுகிறேன்.

மருந்துக்கடை அண்ணாச்சி:
தங்கச்சி, அந்த ஆன்டிஆக்ஸிடன்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். முதலில் பின்பக்கம் திருப்பி பீட்டா கரோட்டின் (கேரட்டுக்கு நிறம் கொடுக்கிற சத்து) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

வாத்தியார் ஐயா சொன்ன வேதியியலில் ஒரு எழுத்தும் தப்பில்லை. ஆனால் சோதனைக்குழாய்க்கும் ஆளுக்கும் நடுவில் என்ன ஆகிறது என்று பின்லாந்தில் பார்த்துவிட்டார்கள். 50 முதல் 69 வயது வரை உள்ள புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு 50 மில்லிகிராம் வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. ஐந்திலிருந்து எட்டு வருஷம் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று காத்திருந்தவர்களுக்கு 1994-ல் வந்த முடிவு வேறு. பீட்டா கரோட்டின் சாப்பிட்ட பாதிப்பேரில் 474 பேருக்குப் புற்றுநோய், சாப்பிடாத பாதிப்பேரில் 402. அதாவது 18 சதவீதம் கூடுதல். மொத்தச் சாவும் 8 சதவீதம் கூடுதல். வைட்டமின் ஈ நுரையீரலுக்கு நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை.

அது தற்செயல் என்று சொல்லவும் வழியில்லை. அமெரிக்காவில் கேரட் என்ற பெயரில் இன்னொரு ஆய்வு, 18,314 பேர், புகைபிடிப்பவர்கள், விட்டவர்கள், அஸ்பெஸ்டாஸில் வேலை பார்த்தவர்கள். அதில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடியது, 1996 ஜனவரியில் குறித்த நாளுக்கு 21 மாதம் முன்பே நிறுத்திவிட்டார்கள். "விட்டவர்கள்" என்பதைக் கவனியுங்கள், உங்கள் அப்பா அந்த வரிசையில்தான் வருகிறார்.

வேதியியல் வாத்தியார்:
அண்ணாச்சி, ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்காட்டுவது சரியில்லை. சீனாவில் லின்ஷியான் என்ற ஊர்ப்பக்கம் ஏறத்தாழ 30,000 பேரை வைத்து ஐந்து வருஷம் செய்த ஆய்வும் இருக்கிறது, முடிவு 1993-ல் வந்தது. பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் மொத்தச் சாவு 9 சதவீதம் குறைந்தது, இரைப்பைப் புற்றுநோய்ச் சாவு 21 சதவீதம் குறைந்தது. இதை ஏன் யாரும் பேசுவதே இல்லை? அப்புறம், அதே பின்லாந்து ஆய்விலேயே, தொடக்கத்தில் எடுத்த ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் இருந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாகத்தான் வந்தது. அதையும் சொல்லியிருக்க வேண்டும்.

மருந்துக்கடை அண்ணாச்சி:
சொல்கிறேன் ஐயா, அந்த இடத்தில்தான் எனக்கும் கண் திறந்தது. ரத்தத்தில் அதிகம் இருந்தது மாத்திரையால் இல்லை, அவர்கள் அதற்கு முன் சாப்பிட்ட காய்கறியால். காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர் பொதுவாகக் குறைவாகப் புகைப்பார், கொஞ்சம் நடப்பார், தட்டில் நார்ச்சத்தும் நூறு வேறு சத்தும் இருக்கும். பீட்டா கரோட்டின் அந்தச் சாப்பாட்டுக்கு ஓர் அடையாளம். அடையாளத்தை மட்டும் பிரித்தெடுத்து, சாப்பாட்டில் கிடைப்பதைப் போல் பல மடங்காக்கி மாத்திரையில் அடைத்தால் அதே பலன் வரும் என்று நினைத்ததுதான் தவறு.

லின்ஷியான் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜனங்களுக்குச் சாப்பாட்டிலேயே சத்து போதாமல் இருந்தது. காய்ந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினால் பயிர் பிழைக்கும், நிறைந்த வயலில் பாய்ச்சினால் அழுகும். சாப்பாட்டுக்குக் குறையில்லாத அமெரிக்க ஆண் டாக்டர்கள் 22,071 பேருக்கு 12 வருஷம், ஒருநாள் விட்டு ஒருநாள் 50 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்ததில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதில் புகைபிடிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கண்ணாஸ்பத்திரி செவிலி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையே வீண் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிற நோயில், நடுக்கட்டத்தை எட்டியவர்களுக்கு வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம் சேர்ந்த மாத்திரை நோய் முற்றுவதை ஏறக்குறைய 25 சதவீதம் குறைத்தது, 2001-ல் வந்த ஆய்வு. முகம் தெரியாமல், குரலை வைத்துப் பேத்தியை அடையாளம் சொல்லும் பாட்டிகளைத் தினம் பார்க்கிறேன், எனக்கு அந்த 25 சதவீதம் பெரிய விஷயம். ஆனால் அண்ணாச்சி சொன்ன காரணத்துக்காகவே 2013-ல் வந்த அடுத்த ஆய்வுக்குப் பிறகு பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டீன், சியாசாந்தின் என்ற வேறு இரண்டு நிறச்சத்துகளைப் போட்டுக் கொடுக்கிறோம். பழைய கலவை இன்னமும் சில டப்பாக்களில் வருகிறது. பீடி, சிகரெட் பழக்கம் உண்டா, முன்னால் இருந்ததா என்று கேட்காமல் நான் யாருக்கும் சீட்டை நீட்டுவதில்லை.

வேதியியல் வாத்தியார்:
சரி. புகைத்தவருக்கு பீட்டா கரோட்டின் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு விளக்கம் வேண்டாமா?

மருந்துக்கடை அண்ணாச்சி:
முழு விளக்கம் என்று ஒன்றை என்னால் வைக்க முடியாது, ஒரு துப்பு இருக்கிறது ஐயா. ஸ்வீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் 2014-ல், நுரையீரலில் சிறு கட்டி இருந்த எலிகளுக்கு வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள், கட்டி வேகமாக வளர்ந்தது. ஃப்ரீ ரேடிக்கல் கூடினால் உடம்பு பி53 என்கிற காவல் புரதத்தை எழுப்பிக் கெட்ட செல்லைத் தடுக்கும். மாத்திரை ஃப்ரீ ரேடிக்கலைத் தணித்ததும் காவல்காரனும் தூங்கிவிடுகிறான், கட்டிக்கு அது வசதி. முப்பத்தைந்து வருஷம் பீடி குடித்தவர் நெஞ்சில் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்றிரண்டு செல் அப்படி இருக்க வாய்ப்புண்டு. எனக்குப் பயம் அதுதான்.

வேதியியல் வாத்தியார்:
மீன் எண்ணெய் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இத்தாலியில் மாரடைப்பு வந்து பிழைத்த 11,324 பேரில், தினம் ஒரு கிராம் ஒமேகா-3, அதாவது மீன் எண்ணெயில் இருக்கிற கொழுப்பு அமிலம், சாப்பிட்டவர்களுக்குச் சாவு குறைந்தது, 1999. ஜப்பானில் 18,645 பேர், ஒமேகா-3 வகையில் ஒன்றான இ.பி.ஏ. 1.8 கிராம், இதயக் கோளாறு 19 சதவீதம் குறைவு, 2007. அப்புறம் 2018-ல் 8,179 பேரில் தினம் 4 கிராம் சுத்தமான இ.பி.ஏ., 25 சதவீதம் குறைவு. இவ்வளவுக்கும் என்ன பதில்?

மருந்துக்கடை அண்ணாச்சி:
நீங்கள் சொன்ன மூன்றும் நடந்ததுதான். அந்த இத்தாலி ஆய்வில் இன்னொரு பிரிவுக்கு வைட்டமின் ஈ 300 மில்லிகிராம் கொடுத்தார்கள், குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பரவலாக வராத காலம். பிறகு ஏற்கெனவே மாரடைப்பு வராத 25,871 பேருக்கு அமெரிக்காவில் ஒமேகா-3 ஒரு கிராம் கொடுத்தார்கள், சர்க்கரை நோயாளிகள் 15,480 பேருக்கு பிரிட்டனில் கொடுத்தார்கள், இரண்டிலும் மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்த கணக்கில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நீங்கள் சொன்ன 4 கிராம் ஆய்வில் எதிர்ப்பிரிவுக்கு, அதாவது போலி மாத்திரைப் பிரிவுக்கு, கொடுத்தது மினரல் ஆயில், அது அவர்களின் கெட்ட கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் ஏற்றிவிட்டது. 2020-ல் வேறொரு ஒமேகா-3 கலவையை அதே 4 கிராம் அளவில், எதிர்ப்பிரிவுக்குச் சோள எண்ணெய் வைத்து 13,078 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை, இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதுதான் கூடியது.

கடைக்கு வருகிற கணக்கையும் பாருங்கள். 1,000 மில்லிகிராம் மீன் எண்ணெய் என்று முன்பக்கம் பெரிதாக எழுதிய சாதாரண டப்பாவைத் திருப்பினால் இ.பி.ஏ. 180, இன்னொரு ஒமேகா-3 வகையான டி.எச்.ஏ. 120, மொத்தம் 300 மில்லிகிராம்தான். நாலு கிராமுக்குத் தினம் பதினான்கு மாத்திரை விழுங்க வேண்டும்.

வேதியியல் வாத்தியார்:
மினரல் ஆயில் ஏற்றிய அந்தக் கொஞ்சம் கொலஸ்ட்ரால் மட்டுமே 25 சதவீத வித்தியாசத்தைக் கொடுத்துவிடாது. ஜப்பான் ஆய்வில் மினரல் ஆயிலே கிடையாது.

மருந்துக்கடை அண்ணாச்சி:
ஜப்பான் ஆய்வில் போலி மாத்திரையே கொடுக்கவில்லை, யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் உங்கள் முதல் வரி நியாயமானது, அந்த 25 சதவீதம் முழுக்கப் பொய் என்று நானும் சொல்லமாட்டேன். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு ரொம்ப ஏறியவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது வேறு கதை.

செக்கடித் தெரு:
எதற்கு இத்தனை மாத்திரை? செக்கு நல்லெண்ணெயில் சிசாமின் என்று எள்ளுக்கே உரிய சத்து இருக்கிறது, தானே கெடாமல் நிற்கும் எண்ணெய். எங்கள் தாத்தா காலத்திலிருந்து ஆட்டுகிறோம்.

மருந்துக்கடை அண்ணாச்சி:
நல்லெண்ணெய் நல்ல எண்ணெய்தான் தம்பி, ஒலியிக், லினோலியிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலமும் ஏறக்குறைய சரிசமமாக இருக்கிறது. செக்கில் ஆட்டினால் மணமும் சிசாமினும் நிற்கும், கொழுப்பு அமிலக் கணக்கு மாறாது. ஒமேகா-3 அதில் பெயரளவுக்குத்தான். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எந்த எண்ணெயும் கெடும், ஆட்டியவர் யாராக இருந்தாலும்.

வைகைக்கரை:
டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன் அண்ணாச்சி. எழுத்து அவ்வளவு பொடிசு, போனில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம் என்று இருக்கிறது. அப்பாவிடம் 474, 402 இரண்டு எண்ணையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப அவனும் இதைத்தானே சாப்பிட்டுக்கிட்டிருக்கான்" என்றார். சித்தப்பாவும் இருபது வருஷம் சிகரெட் குடித்தவர். இப்போது அவருக்குத்தான் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன், எடுக்கவில்லை. மீன் எண்ணெய் டப்பாவைத் திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டுகிறேன், அப்பாவுக்கு ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை போகிறது, அதையும் கேட்க வேண்டும். அதுவரை மத்தி மீன் வாங்கிக்கொள்ளலாமா வாத்தியார் ஐயா?

வேதியியல் வாத்தியார்:
வாங்குங்கள் அம்மா, வாரம் இரண்டு நாள். பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். சித்தப்பா எடுத்ததும் இங்கே ஒரு வரி போடுங்கள்.